பாடம்: விலை பேசும் முன் கணக்குப் பார்ப்போம்



முன்பு நம்மிற் பலருக்கு விதைநெல் வீட்டுக் கோர்க்காலியில் இருந்தது. உழவுக்கு மாடு பட்டியில் நின்றது. எருவும் அங்கேயே கிடைத்தது. கடைக்குப் போய் வாங்கியவை சில பொருள்களே. 1985, 1990, 2006 எனத் திருகோணமலை மாவட்டம் மீண்டும் மீண்டும் இடம்பெயர்வைக் கண்டது. 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் ஆண்டுக் கணக்காக வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கின. திரும்பியபோது பட்டியில் மாடு இல்லை. வீட்டில் விதை இல்லை. பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தவர்களின் நிலையும் இதுவே.

இடம்பெயர்வு நம்மிடமிருந்து பொருளைப் பறித்ததோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் விலைக்கு வாங்குபவர்களாகவும் நம்மை மாற்றியது. ஆகவே பயிர் செய்யும் தொழிலோடு இன்னொரு தொழிலையும் நாம் கற்க வேண்டியுள்ளது. அதுதான் கொள்வனவு. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துள்ளன. அவர்கள் கற்கும் அடிப்படை ஒன்றே: பேச்சைத் தொடங்கும் முன் தன் கணக்கையும், தனக்குள்ள வேறு வழியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இது தெரிந்தவர் சத்தம் போட்டுப் பேரம் பேசத் தேவையில்லை.

1. நமது அடிவிலை என்ன?

"இம்முறை நெல் என்ன விலைக்கு விற்றால் நட்டமில்லை?" என்று கேட்டால் பலர் சென்ற போகத்து விலையைச் சொல்வர். அது சந்தை விலை. நமது விலை நமது செலவிலிருந்து வருவது. ஓர் ஏக்கருக்கான மாதிரிக் கணக்கைக் கீழே தருகிறோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காகவே. உங்கள் ஊர் விலைகளை இட்டு நீங்களே செய்து பாருங்கள்.

குத்தகை – 20,000 ரூபா
உழவு, வரம்பு – 18,000
விதைநெல் – 10,000
பசளை, 3 மூட்டை – 27,000
களைநாசினி, பூச்சிநாசினி – 13,000
அறுவடை இயந்திரம் – 15,000
சாக்கு, ஏற்றுகூலி, இறக்குகூலி – 7,000
கைக்காசுச் செலவு – 110,000 ரூபா

இதனோடு முடித்துவிடுவதே வழக்கம். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வயலில் நின்ற நாள்களை யார் எழுதுகிறார்கள்? 12 நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபா வீதம் 30,000 ரூபா. அதையும் சேர்த்தால் முழுச் செலவு 140,000 ரூபா.

விளைச்சல் 1,600 கிலோ என்போம். 110,000 ஐ 1,600 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 68 ரூபா 75 சதம். இது கைக்காசு மீளும் விலை. இதற்குக் கீழே விற்றால் கடனாளி ஆவோம். 140,000 ஐ வகுத்தால் 87 ரூபா 50 சதம். இது நம் உழைப்புக்கும் கூலி கிடைக்கும் விலை. இவ்விரண்டுக்கும் இடையில் விற்றால் கடன் அடையும், உழைப்பு இலவசமாகும்.

வெள்ளமோ பூச்சியோ வந்து விளைச்சல் 1,200 கிலோவாகக் குறைந்தால் அதே செலவுக்கு இவ்விலைகள் 91 ரூபா 67 சதமாகவும் 116 ரூபா 67 சதமாகவும் உயரும். ஆகவே அறுவடை முடிந்ததும் உண்மையான நிறையைக் கொண்டு மீண்டும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

2. மலிவான மூட்டை மலிவுதானா?

வாங்கும்போது மூன்று இடங்களில் நாம் ஏமாறுகிறோம்.

முதலாவது, மூட்டையின் விலையைப் பார்த்து உள்ளிருக்கும் சத்தைப் பார்க்காமை. 50 கிலோ யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. அதாவது 23 கிலோ. 50 கிலோ அமோனியம் சல்பேற்றில் 21 வீதம். அதாவது பத்தரைக் கிலோ. யூரியா மூட்டை 9,000 ரூபாவும் மற்றையது 5,000 ரூபாவும் என்றால் எது மலிவு? நைதரசன் ஒரு கிலோ யூரியாவில் ஏறத்தாழ 391 ரூபா; மற்றதில் 476 ரூபா. மலிவாகத் தெரிந்த மூட்டையே விலை கூடியது. (அமோனியம் சல்பேற்றில் கந்தகமும் உண்டு. மண்ணுக்குக் கந்தகம் தேவை என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னால் அதற்காக வாங்கலாம்.)

இரண்டாவது, கடை விலையைப் பார்த்து வாசல் விலையைப் பார்க்காமை. மூட்டை 9,000 ரூபா. மூன்று மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவர வண்டிக் கூலி 2,400 ரூபா. அப்படியென்றால் நாம் வாங்கிய விலை 9,800 ரூபா. இரு கடைகளை ஒப்பிடும்போது நம் வாசலில் இறங்கும் விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, கடனின் விலையைப் பார்க்காமை. இதுதான் பல குடும்பங்களை மேலெழ விடாமல் அழுத்துகிறது. கைக்காசுக்கு 9,000 ரூபா. அறுவடைக்குப் பின் தருவதென்றால் 10,800 ரூபா. நான்கு மாதத்துக்கு 1,800 ரூபா மேலதிகம், அதாவது 20 வீதம். மாதம் 5 வீத வட்டி. அதோடு "நெல்லை எனக்கே தரவேண்டும், ஊர் விலையிலும் 5 ரூபா குறைத்து எடுப்பேன்" என்ற சொல்லும் சேர்ந்து வரும். கணக்கைப் பார்ப்போம்:

மூன்று மூட்டைக்கு மேலதிகம் – 5,400 ரூபா
1,600 கிலோ நெல்லில் 5 ரூபா வீதம் இழப்பு – 8,000 ரூபா
மொத்தம் – 13,400 ரூபா

27,000 ரூபாப் பசளைக்கு நான்கு மாதத்தில் 13,400 ரூபா! ஏறக்குறையப் பாதி. கடன் தருபவரைத் திட்டுவதால் பயனில்லை. அவரும் தன் பணத்தைத் துணிந்து போடுகிறார். ஆனால் இந்தத் தொகையை எழுதிப் பார்த்தவர், வங்கியிலோ சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டுப் பார்க்காமல் கைநீட்ட மாட்டார். வேறு வழியே இல்லையென்றாலும் கடனையும் நெல் விற்பனையையும் பிரித்துப் பேசலாம்: "வட்டி தருகிறேன்; நெல்லை ஊர் விலைக்கே எடுங்கள்."

3. வேறு வாசல் உண்டா?

எதிரில் இருப்பவருடன் பேச்சு முறிந்தால் நாம் எங்கே போவோம்? இந்தக் கேள்விக்கு விடை உள்ளவருக்கே பேச்சில் பலம் உண்டு. இதற்கு நமது நாட்டின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உள்ளது.

1952 இல் இலங்கை இரு பக்கமும் நெருக்குண்டு நின்றது. உலகில் அரிசிக்குத் தட்டுப்பாடு; விலை ஏறியது. நாம் விற்கும் இறப்பரின் விலையோ இறங்கியது. அமெரிக்காவிடமிருந்து நமக்கு ஏற்ற விலை கிடைக்கவில்லை. சீனாவுக்கோ கொரிய யுத்தத் தடைகளால் இறப்பர் வாங்க இடமில்லை. வர்த்தக அமைச்சராக இருந்த ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்று பேசினார். அவ்வாண்டு டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 270,000 தொன் அரிசி இங்கே வந்தது. 50,000 தொன் இறப்பர் அங்கே சென்றது. இறப்பருக்குச் சந்தையிலும் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்க உதவி நின்றுபோகும் என்று தெரிந்தே நாடு இதைச் செய்தது. ஒப்பந்தம் பின்னர் பல தடவை புதுப்பிக்கப்பட்டது.

சிறிய நாடு பெரிய நாட்டுடன் நல்ல விலை பேசியது எப்படி? தனக்கு எது இன்றியமையாதது என்பதையும், எதிர்ப்பக்கத்துக்கு எது இன்றியமையாதது என்பதையும் அறிந்திருந்தது. ஒரு வாசல் மூடியபோது மற்ற வாசலைத் தேடிச் சென்றது.

நம் மாவட்டத்திலும் வாசல்கள் கூடியுள்ளன. முன்பு மூதூர், கிண்ணியாப் பக்கத்தார் திருகோணமலை நகருக்கு வரப் பாதையைக் காத்து நிற்க வேண்டியிருந்தது. பாதை ஓடாத நாளில் ஊர்க் கடை சொன்னதே விலை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இன்று மூதூரில் ஒரு விலை, கிண்ணியாவில் ஒரு விலை, நகரில் ஒரு விலை என ஒரே நாளில் மூன்று விலை கேட்டு எழுதி வரலாம். கேட்பதற்குக் காசில்லை. கேட்காததற்குத்தான் காசு.

4. சேர்ந்து வாங்குவோம்

மூன்று மூட்டைக்காரரை வியாபாரி தேடி வரமாட்டார். அறுபது மூட்டைக்காரரைத் தேடி வருவார். இருபது குடும்பங்கள் சேர்ந்தால் அறுபது மூட்டை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புகளைப் பதிவு செய்யலாம். பதிவுள்ள அமைப்புக்கு வங்கிக் கணக்கும் கடிதத் தலைப்பும் இருக்கும். வியாபாரியும் மதித்துப் பேசுவார்.

போகும் முன் குழுவாக அமர்ந்து ஆறு விடயங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன பொருள், எவ்வளவு, எந்தத் திகதிக்குள், வாசலில் இறங்க நாம் கொடுக்கக்கூடிய உச்சவிலை, மற்றக் கடைகள் சொன்ன விலை, விலை இறங்காவிட்டால் நாம் கேட்கக்கூடிய வேறு சலுகைகள். பேச இருவர் போகவேண்டும். ஒருவர் பேச, மற்றவர் எழுத வேண்டும். உச்சவிலையைத் தாண்ட இருவருக்கும் அதிகாரம் இல்லை என்று முன்னமே தீர்மானியுங்கள். "குழுவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்" என்பது பலவீனமல்ல. அவசரப்பட்டுத் தலையாட்டாமல் காக்கும் வேலி அது.

நகரில் ஒரு கடை 9,000 ரூபா சொல்லியிருக்கிறது. லொறிக் கூலி 18,000 ரூபாவை அறுபதால் வகுத்தால் மூட்டைக்கு 300. ஆகவே வாசல் விலை 9,300. இப்போது கிட்டவுள்ள கடைக்குப் போகிறார்கள்.

"முதலாளி, இருபது குடும்பம் சேர்ந்து அறுபது மூட்டை எடுக்கிறம். கைக்காசு. ஊருக்கு இறக்கி என்ன விலை?"

"தம்பி, ஒன்பதாயிரத்து நானூறு. பசளை விலையில நான் ஒண்டும் குறைக்கேலாது. எனக்கு வாற விலை அப்படி."

"வாற விலை உங்கட கையில இல்லைத்தான். லொறி உங்கடதானே? வெள்ளிக்கிழமை எங்கட பக்கம் சாமான் இறக்க வருகுதெண்டு கேள்விப்பட்டம். அதிலயே ஏத்திவிட்டால் உங்களுக்குத் தனி ஓட்டம் இல்லை."

"ம்... அப்படியெண்டால் ஒன்பதாயிரத்து முன்னூறு."

"நகரத்திலயும் அந்தக் கணக்குத்தான் வருகுது, முதலாளி. நாங்கள் ஏத்தி இறக்க ஆள் தாறம். அடுத்த போகத்துக்கும் உங்களிட்டயே முதல்ல வருவம். ஒன்பதாயிரத்து நூற்றைம்பது எண்டால் இப்பவே பாதிக் காசு, இறக்கினாப் பிறகு மிச்சம்."

"சரி தம்பி, வெள்ளிக்கிழமை காலமை ஆளை அனுப்புங்கோ."

இங்கே யாரும் யாரையும் வெல்லவில்லை. வியாபாரிக்குத் தனி ஓட்டமும் கூலியாளும் மிச்சம். கடன் நிலுவை என்ற தலையிடி இல்லை. குழுவுக்கு மூட்டை 9,150 ரூபா. தனியே வாங்கினால் 9,800. வித்தியாசம் 650 ரூபா. அறுபது மூட்டைக்கு 39,000 ரூபா. விலையில் இடமில்லையென்றபோது பேச்சு நிற்கவில்லை; கூலிக்கும் நாளுக்கும் காசு கொடுக்கும் முறைக்கும் நகர்ந்தது. விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒன்று கேட்கப்பட்டது. மறுபடியும் அதே கடை வாசலில் நாம் நிற்க வேண்டும் என்பதை மறவாமல் பேசுவதே நல்ல பேச்சு.

5. பார்த்து வாங்குவோம், எழுதி வாங்குவோம்

பாதிக் காசு முன்னும் மீதி பொருள் இறங்கிய பின்னும் என்றது ஏன்? இதற்கும் நாடறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதன்பின் சீன நிறுவனம் ஒன்றிடமிருந்து சேதனப் பசளை வாங்க ஒப்பந்தமாயிற்று. அதன் மாதிரிகளில் பயிருக்குத் தீங்கான பற்றீரியா உள்ளதென்று நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் கூறினர். நிறுவனம் அதை மறுத்தது. பசளைக் கப்பலுக்கு இங்கே சரக்கிறக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆயினும் பிணக்கின் முடிவில், 2022 சனவரியில், மக்கள் வங்கி சுமார் 69 இலட்சம் அமெரிக்க டொலரைச் செலுத்தியது. அந்தப் பசளையோ ஒரு வயலுக்கும் வரவில்லை. மாதிரியை யார் சோதிப்பது, தவறினால் பணம் என்னாவது என்பவை பொருள் புறப்படும் முன்பே தீர வேண்டியவை.

நம் அளவிலும் இதைச் செய்யலாம். விதைநெல் வாங்கும் முன் மூட்டையின் நடுவிலிருந்து 100 மணி எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணுங்கள். 85 க்குக் குறைந்தால் அந்த விதையை விட்டுவிடுங்கள். பசளை மூட்டையின் தையல் பிரிந்துள்ளதா என்று பாருங்கள். சிலவற்றையேனும் நிறுத்துப் பாருங்கள். தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் அவ்வாண்டு முத்திரை உண்டா என்றும் கவனியுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை.

6. விற்கும்போதும் இதே கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். நெல்லை விற்கும்போது இதை மறந்துவிடுகிறோம்.

ஈரப்பதன்: நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுள்ள நெல்லையே கேட்கிறது. அறுவடை இயந்திரத்திலிருந்து வரும் நெல்லில் 20 வீதம் இருக்கும் என்போம். 1,600 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 1,488 கிலோ மிஞ்சும். வயலில் வைத்தே கிலோ 100 ரூபா என்றால் 160,000 ரூபா. காயவைத்தால் 110 ரூபா என்றால் ஏறத்தாழ 163,700 ரூபா. வித்தியாசம் 3,700 ரூபாவே. காயவைக்க இருவர் இரண்டு நாள் நின்றால் கூலி 10,000 ரூபா. அப்படியானால் ஈரமாக விற்பதே மேல். 115 ரூபா கிடைத்தால் 171,100 ரூபா வரும்; அப்போது காயவைப்பது தகும். கூடிய விலை எப்போதும் கூடிய வருமானமல்ல.

கழிவு: 1,600 கிலோ நெல் 64 கிலோ வீதம் 25 மூட்டை. மூட்டைக்கு 2 கிலோ கழித்தால் 50 கிலோ போய்விடும். 100 ரூபா விலையில் இது 5,000 ரூபா. வியாபாரி சொன்னது 100 ரூபா. நாம் பெற்றது 97 ரூபாவுக்கும் குறைவு. ஆகவே மூட்டைக் கணக்கில் பேசாமல் கிலோக் கணக்கில் பேசுங்கள். கழிவு எவ்வளவு என்பதை விலையோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். வெறுஞ்சாக்கை நிறுத்து அதை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள்.

தவிடு: திருகோணமலைத் துறைமுகத்தில் பிறீமா மா ஆலையைக் காணாதவர் நம்மில் குறைவு. 1977 இல் உடன்படிக்கை செய்யப்பட்டு 1980 இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அக்காலத்தில் அரசாங்கம் கோதுமையைக் கொடுத்து மாவைப் பெற்றுக் கொண்டது. ஆலைக்குக் கூலியாகத் தவிடு முதலிய துணைப்பொருள்கள் சேர்ந்தன. 2001 இல் அரசு தன் உரிமையை அந்நிறுவனத்துக்கே விற்றது. தவிடு கழிவுப் பொருள் அல்ல, காசு என்பதை இது காட்டுகிறது. நமது நெல் 100 கிலோவைக் குத்தினால் அரிசி 65 கிலோ அளவிலும், தவிடு 8 முதல் 10 கிலோ வரையும், மீதி பெரும்பாலும் உமியாகவும் கிடைக்கும். 1,000 கிலோ குத்தும் குடும்பத்துக்கு 80 கிலோ தவிடு. கிலோ 60 ரூபா என்றாலும் 4,800 ரூபா. அல்லது வீட்டு மாட்டுக்கும் கோழிக்கும் தீன். மில்லில் குத்துக்கூலி கேட்கும்போது "தவிடும் குறுணலும் யாருக்கு?" என்றும் கேளுங்கள்.

அரசு விலை: அரசு அறிவிக்கும் கொள்வனவு விலை நமக்கு இன்னொரு வாசல். 2025 பெப்ரவரியில் அது நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு போகமும் புதிய விலையைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறியுங்கள். களஞ்சியம் எந்த நாள் திறக்கும், ஒருவரிடம் எவ்வளவு எடுக்கும், பணம் எப்போது வரும் என்பவற்றையும் கேளுங்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது காலந்தாழ்த்தி வரும் 120 ரூபா கைக்கு உதவாமற் போகலாம். ஆகவே அறுவடையின் ஒரு பங்கையேனும் காத்து விற்கக்கூடியதாக, போகத் தொடக்கத்திலேயே கடனைக் குறைத்து எடுப்பதே நல்லது. அறுவடைக் காலத்துப் பேரம் விதைப்புக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

குழுவில் செய்து பார்க்க

1. சென்ற போகத்தில் உங்கள் ஏக்கருக்கான செலவை மேலே காட்டியபடி எழுதுங்கள். குடும்பத்தவரின் நாள்களையும் சேருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் உதவட்டும்.

2. உங்கள் இரண்டு அடிவிலைகளையும் கண்டுபிடியுங்கள். எந்த விலைக்கு விற்றீர்கள்? உங்கள் உழைப்புக்குக் கூலி கிடைத்ததா?

3. கடனுக்கு வாங்கிய பொருள் ஒன்றை எடுத்து, மேலதிக விலையையும் நெல்லில் இழந்ததையும் கூட்டிப் பாருங்கள்.

4. அடுத்த கூட்டத்துக்கு முன் மூவர் மூன்று கடைகளில் ஒரே நாளில் ஒரே பொருளின் விலையைக் கேட்டு எழுதி வாருங்கள். வாசல் விலையாக மாற்றி ஒப்பிடுங்கள்.

5. ஒருவர் வியாபாரியாகவும் இருவர் குழுவின் சார்பாகவும் பேசிக் காட்டுங்கள். பிறகு ஆளை மாற்றுங்கள். வியாபாரியாக நடித்தவர், தனக்கு எது இலகுவாக இருந்தது, எது கடினமாக இருந்தது என்பதைச் சொல்லட்டும். அதில்தான் அதிகம் கற்கலாம்.

ஒரு கொப்பியும் பேனையும் போதும். முதற் பக்கத்தில் குத்தகைக் காசை இன்றே எழுதித் தொடங்குங்கள்.